தங்கபுஷ்பத்தின் வயிற்றை நாங்கள் பார்த்த ஒன்பது வருஷம்

தட்டாங்குண்டு உயர்நிலைப் பள்ளிக்கு எதிர்வீட்டில் சீருடை தைத்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பத்தின் வயிற்றுத் தோல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது, விலா எலும்பு முடிகிற இடத்திலிருந்து தொப்புளுக்கு நாலு விரற்கடை கீழே வரைக்கும் கண்ணாடியாகிவிட்டது. அவள் சோப்பு நுரையை வழித்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். கறிக்கடையில் தொங்குவது போலவே ஈரல் இருந்தது, கழுவி வைத்தது போலக் குடல் இருந்தது, எல்லாம் தன்பாட்டுக்கு மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. ஆட்டுக்கு இருப்பதுதான் நமக்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றிக் குளித்து முடித்துவிட்டுப் புருஷனிடம் வந்து காட்டினாள். லாரி புக்கிங் ஆபீஸில் ரசீது எழுதுகிற பால்துரை அப்போது சவரம் செய்துகொண்டிருந்தான். திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மூடு. காத்துப் பட்டா சளி பிடிச்சிரும்" என்றான்.

அவளும் மூடித்தான் வைத்திருந்தாள். நாலாம் நாள் பால்துரையின் அக்கா ஞானசுந்தரி ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தபோது, மெஷினை விட்டு எழுந்த தங்கபுஷ்பத்தின் சேலை விலகிவிட்டது.

"புஷ்பம், கையை எடு. மறைக்குது."

"வேண்டாம் மதினி."

"அட எடுங்கேன். நான் என்ன அந்நியமா?"

கையை எடுத்தாள். ஞானசுந்தரி முக்கால் மணி நேரம் குத்தவைத்துப் பார்த்துவிட்டுப் போய்த் தெருவில் சொன்னாள், தெரு ஊருக்குச் சொன்னது, சாயங்காலத்துக்குள் நாங்கள் எல்லோரும் அந்த வீட்டு வாசலில் இருந்தோம். பயப்படவும் ஆச்சரியப்படவும் எங்களுக்கு நேரமில்லை; வரிசையில் இடம் பிடிக்கவே நேரம் சரியாக இருந்தது.

அதுவரைக்கும் நாங்கள் தங்கபுஷ்பத்தைப் பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வயது. பிள்ளை இல்லை. ஏன் இல்லை என்று கேட்டுக் கேட்டு அலுத்து, அந்தக் கேள்வியையும் விட்டுவிட்டிருந்தோம். துணி கொடுக்கப் போனால் துணியைப் பார்ப்போம், அளவு நாடாவைப் பார்ப்போம், தையலில் கோணல் இருக்கிறதா என்று பார்ப்போம். இப்போது அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தோம், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினோம், சாப்பிட்டாயா என்று கேட்டோம். ஒரு வாரம் கூசிக்கொண்டிருந்தவள், இரண்டாம் வாரம் இடுப்புக்கு மேலே சதுரமாக வாசல் வைத்த ஒரு நீளச் சட்டையைத் தனக்குத் தானே தைத்துக்கொண்டாள், வாசலின் நாலு ஓரத்துக்கும் சிவப்புத் துணியில் கரை கொடுத்து. பள்ளிக்கூடம் விட்டதும் முகம் கழுவி, பவுடர் போட்டு, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவாள். அவளுக்கும் பிடித்திருந்தது. இதைப் பின்னால் நாங்கள் பலமுறை எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம், அவளுக்கும் பிடித்துத்தானே இருந்தது என்று.

அறிவியல் வாத்தியார் திரவியம் சார் முதல் நாள் ஒரு பூதக்கண்ணாடியோடு வந்தார். அது தேவைப்படவில்லை. பார்வையை ஓர் இடத்தில் நிறுத்தி மூச்சை அடக்கிக்கொண்டால் கண் உள்ளே உள்ளே இறங்கியது, முதலில் உறுப்பு தெரிந்தது, பிறகு தசை தெரிந்தது, பிறகு செங்கல் அடுக்கினாற்போல் செல்கள் தெரிந்தன, பிறகு ஒரே ஒரு செல்லும் அதன் நடுவே சுருண்டு கிடக்கிற நூலும் தெரிந்தன. இருபது வருஷமாகக் கரும்பலகையில் கோணல் வட்டம் போட்டு இதுதான் செல் என்று சொல்லிவந்த மனுஷர், வாசல்படியில் உட்கார்ந்து அழுதார். மறுநாளிலிருந்து ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் தங்கபுஷ்பத்தின் முன்னறையில் நடந்தன. பிள்ளைகளுக்குப் பின்னால் நாங்கள் நின்று கேட்டோம்.

செல் என்பது கேட்டால் இரண்டாகப் பிரியும், போதும் என்றால் நிற்கும், வயதானால் தானே செத்துப்போகும் என்று சார் சொன்னார். எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எப்போது சாக வேண்டும் என்பதெல்லாம் நடுவில் கிடக்கிற அந்த நூலில் எழுதியிருக்கிறது என்றும், ஒவ்வொரு தடவை பிரியும்போதும் அந்த எழுத்தை ஒரு எழுத்து விடாமல் பார்த்து எழுதிக்கொள்கிறது என்றும் சொன்னார். நாங்கள் பார்த்தோம். கோடி கோடியாகப் பிரிந்தன, கோடி கோடியாகச் செத்தன, தங்கபுஷ்பம் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வருஷம் பங்குனி மாதத்தில், பெருங்குடலின் உள்சுவரில் ஒரு செல் தன்னைப் பார்த்து எழுதும்போது ஓர் எழுத்தைத் தப்பாக எழுதியது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் முதலில் பார்த்தாள்.

"சார், பக்கத்துல உள்ளதெல்லாம் செத்துருச்சு. அது மட்டும் சாகலை."

"இப்படித் தினம் ஆயிரம் தப்பும்" என்றார் சார். "உனக்கும் தப்பும், எனக்கும் தப்பும். காவல் செல் வரும் பாரு, வந்து தின்னுரும்."

காவல் செல்கள் வந்தன. அது போலத் தப்பிப்போன வேறு பலவற்றைத் தின்பதை நாங்கள் ஏற்கெனவே பார்த்திருந்தோம், அதனால் கைதட்டத் தயாராக நின்றோம். ஆனால் அவை இதன் பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, நம்ம வீட்டு ஆள்தான் என்று நினைத்தவை போலத் தாண்டிப் போய்விட்டன. அது இரண்டானது, நாலானது. பிரிந்த பிள்ளைகள் ஒவ்வொன்றும் தாய் விட்ட பிழையோடு புதிதாக ஒரு பிழையையும் சேர்த்து எழுதின. போதும் என்ற வார்த்தையை ஒன்று மறந்தது. சாவு என்ற வார்த்தையை ஒன்று மறந்தது.

அது வெளியிலிருந்து வந்த கிருமி என்று டீக்கடையில் ஒரு கட்சி இருந்தது. திரவியம் சார் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கிருமியும் இல்லை, விஷமும் இல்லை, யாரிடமிருந்தும் ஒட்டியதும் இல்லை, அவள் உடம்பேதான், அவள் சதையேதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இந்தப் பிழை யாருக்கு வேண்டுமானாலும் விழும், இதில் யார் குற்றமும் இல்லை என்றும் சொன்னார். முதல் பாதியை மட்டும் நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

"அவ உடம்புதானே, அவதான் கண்டிச்சு வெச்சிருக்கணும்" என்றாள் ஞானசுந்தரி.

நாலாவது வருஷம் அது கடுகளவு ஆகியிருந்தது. குடல் சுவரிலிருந்து சின்னக் காம்பு விட்டு, காளான் மாதிரி நின்றது. தங்கபுஷ்பத்தால் அதைச் சரியாகப் பார்க்க முடியாது. குனிந்தால் வயிறு மடிந்துவிடும், கண்ணாடியை வைத்துப் பார்த்தால் எல்லாம் இடவலமாகத் தெரியும். அவள் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வாள். ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் எழுந்தபோது கேட்டாள்.

"சார், இதை எடுத்துரலாமா?"

சார் சாக்பீஸ் கையைத் தட்டிக்கொண்டார். "எடுக்கலாம். மதுரைக்குப் போனா கேமராக் குழாயை விட்டு, கம்பி வளையத்தை மாட்டி இழுத்து அறுத்துருவாங்க. அரை மணி நேர வேலை."

"அப்ப போயிட்டு வந்துரட்டுமா?"

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"வலியே இல்லையே அம்மா. மார்ச்ல பரீட்சை. இந்தப் படம் கண்டிப்பா வரும். பிள்ளைங்க வரைஞ்சு பழகிட்டு இருக்கு. பரீட்சை முடியட்டும்."

பரீட்சையில் அந்தப் படம் வந்தது. எங்கள் பள்ளிக்கூடம் மாவட்டத்தில் முதலாவதாக வந்தது. திரவியம் சாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் பால்துரையிடம் கேட்டாள், அவன் கோயில் கொடைத் திருவிழா முடியட்டும் என்றான். வெளியூர்க்காரர்கள் இவளைப் பார்க்க வருவார்கள் என்று கொடைக் கமிட்டி அந்த வருஷம்தான் அவனை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தது. கொடை முடிந்ததும் மறுபடியும் பள்ளிக்கூடம் திறந்தது, அடுத்த வகுப்புப் பிள்ளைகள் நாங்கள் மட்டும் பார்க்க வேண்டாமா என்றார்கள். அதற்குள் அது பட்டாணி அளவாகியிருந்தது. அவளும் அப்புறம் ரொம்பக் கேட்கவில்லை. வலி இல்லை, சாப்பாடு இறங்கியது, மெஷின் ஓடியது, சாயங்காலம் ஆனால் அறுபது பேர் அவளைப் பார்க்க வந்தார்கள்.

ஆறாவது வருஷம் அதற்குப் பசித்தது. பசித்ததும் அது கூப்பிட்டது, எப்படிக் கூப்பிட்டது என்று சார் இரண்டு நாள் பாடம் நடத்தினார், பக்கத்து ரத்தக் குழாய்களெல்லாம் காதில் விழுந்தது போலத் திரும்பி, சிவப்பு நூல் நூலாகக் கிளை விட்டு, அதை நோக்கி வளர்ந்து போய் அதன் வாயில் சேர்ந்தன. அன்றைக்கு மட்டும் நாலு ஊரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். எட்டாவது வருஷம் அது ஒரு திராட்சைக் கொத்து. அதன் வேர் குடல் சுவரைத் தின்றுகொண்டு ஒவ்வோர் அடுக்காக இறங்குவதை நாங்கள் வெள்ளை பெயிண்டால் அறைச் சுவரில் அளவு போட்டுக் குறித்தோம்.

அந்த வருஷம் ஐப்பசி பதினாலாம் தேதி மத்தியானம் மூன்றேகால் மணிக்கு, மழை பெய்துகொண்டிருக்கும்போது, அது கடைசி அடுக்கை உடைத்துக்கொண்டு ஒரு ரத்தக் குழாய்க்குள் தலையை நீட்டியது. அறைக்குள்ளும் ஜன்னலிலும் தெருவில் குடை பிடித்துக்கொண்டும் தொண்ணூறு பேர் இருந்தோம். ஒரு செல் மட்டும் கொத்திலிருந்து கழன்று ரத்தத்தில் விழுந்து, ஆற்றில் போகிற பூவைப் போலச் சுழன்று சுழன்று போனது. பிள்ளைகள் விரலை நீட்டிக்கொண்டு கூடவே போனார்கள். போகிற வழியிலேயே செத்துவிடும் என்றான் ஒருவன். சாகாது என்றான் இன்னொருவன். அது ஈரலில் போய் ஒதுங்கி, சுவரைப் பற்றிக்கொண்டு, அங்கேயே இரண்டாகப் பிரிந்தபோது எங்களில் யாரோ விசில் அடித்தார்கள், பிறகு எல்லோரும் கைதட்டினோம்.

தங்கபுஷ்பம் நாற்காலியில் நேராக உட்கார்ந்து எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டாள், "என்ன நடந்துச்சு?" கைதட்டலில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

தை மாதம் வலி வந்தது. ரத்தம் போனது. அவள் தைத்த சட்டைகள் அவளுக்கே தொளதொளவென்று ஆயின. அப்புறம்தான் வேன் பிடித்து மதுரைக்குக் கூட்டிப்போனோம், பதினாலு பேர் கூடப் போனோம். டாக்டரம்மா சின்ன வயசு. கண்ணாடி வயிற்றைப் பார்த்து அவரும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, மூக்குக் கண்ணாடியைத் துடைப்பது போல ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு தங்கபுஷ்பத்திடம் கேட்டார்.

"எப்பலேர்ந்தும்மா இருக்கு?"

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி பங்குனி மாசம் ஒன்பதாம் தேதி மேடம்" என்று திரவியம் சார் பின்னாலிருந்து சொன்னார்.

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். "நான் வலியைக் கேட்கலை. கட்டி எப்பலேர்ந்துன்னு..."

"கட்டியைத்தான் சொல்றேன். கடுகளவு ஆனது நாலாவது வருஷம் தை. ரத்தக் குழாய் வந்தது ஆறாவது வருஷம் ஆவணி. சுவரை உடைச்சது போன ஐப்பசி பதினாலு."

"மூணேகால் மணி" என்றாள் ஞானசுந்தரி.

"ஈரல்ல இப்ப இருபத்திமூணு இடத்துல இருக்கு. கீழ் ஓரத்துல உள்ளது மேடத்துக்கு இங்கேருந்து தெரியாது, கொஞ்சம் சாய்ஞ்சு பார்க்கணும்" என்றான் பால்துரை.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "நாலாவது வருஷம் கூட்டிட்டு வந்திருந்தா அரை மணி நேரம். அன்னைக்கே பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருக்கலாம்."

"தெரியும் மேடம்" என்றோம். நாலைந்து பேர் சேர்ந்து சொல்லிவிட்டோம். கிளாஸில் கேள்வி கேட்டால் சொல்லிப் பழகிவிட்டது.

தங்கபுஷ்பம் அப்போதுதான் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

நாலு தடவை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாய் புண்ணானது, ஐந்தாவது தடவைக்கு உடம்பு தாங்கவில்லை. அவளை மருந்துக்குக் கூட்டிப்போன அதே காலை பஸ்ஸில் எங்கள் குடலைச் சோதித்துப் பார்க்க நாங்களும் போனோம். எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, எது முதல் அறிகுறி, எந்த வயதில் பார்க்க வேண்டும், எவ்வளவு சிறிதாக இருந்தால் எவ்வளவு சுலபம் என்று. எங்களில் பதினோரு பேருக்குக் குடலில் காளான் இருந்தது. பதினோரு பேருக்கும் வளையத்தைப் போட்டு அறுத்து எடுத்துவிட்டார்கள். ஞானசுந்தரிக்குப் பட்டாணி அளவு. திரவியம் சாருக்குக் கடுகளவு, எடுத்த மறுநாளே பள்ளிக்கூடம் வந்துவிட்டார். நன்றி சொல்ல வேண்டாமா? ஆளுக்கு ஒரு பை சாத்துக்குடியோடு அவள் வீட்டுக்குப் போனோம்.

"உன்னாலதான் புஷ்பம் நான் பிழைச்சேன்" என்று ஞானசுந்தரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சட்டை வாசலைப் பார்த்தாள்.

அன்றைக்குத்தான் தங்கபுஷ்பம் மெஷினில் கடைசியாக உட்கார்ந்தது. காக்கி டிரில் துணி மீதம் கிடந்ததை இரட்டையாக மடித்து, கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழே வரைக்கும் ஒரு மேல்சட்டை தைத்தாள், பட்டன் இல்லை, கொக்கி இல்லை, போட்டுக்கொண்ட பிறகு முன்பக்கத் திறப்பைக் கை ஊசியால் மேலிருந்து கீழ் வரைக்கும் தைத்து மூடிவிட்டாள். மூடிவிட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

எங்களுக்குக் கோபம் வந்தது. ஒன்பது வருஷம் கால் கடுக்க நின்று பார்த்தவர்களுக்கு முடிவைக் காட்டாமல் போவது என்ன நியாயம் என்று கேட்டோம். பால்துரையிடம் சொன்னோம், அவன் கத்தரியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனபோது அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவன் கத்தரியை வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டான். கடைசியில் திரவியம் சார் போனார். பள்ளிக்கூடச் சுவரில் அவர் வரைந்துவந்த படவரிசையில் இரண்டு கட்டம் காலியாக இருந்தது.

"ஒரே ஒரு தடவை அம்மா. பிள்ளைங்க படிப்புக்காக."

அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "கடுகளவு இருந்தப்ப நான் கேட்டேனே சார், அன்னைக்கு யார் யாரு இருந்தாங்க?"

அவர் சொன்னார். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

"தினம் வாங்க. வாசல்ல நின்னு, முதல் செல்லுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் சத்தமா சொல்லுங்க. எந்தத் தேதி என்ன அளவு, அன்னைக்கு எடுத்திருந்தா என்ன ஆயிருக்கும், யார் யாரு இருந்தாங்க, என்ன சொன்னாங்க. ஒரு ஆளை விடக்கூடாது. நான் கேட்டு முடிச்சப்புறம் காட்டுறேன்."

அவர் ஒத்துக்கொண்டார். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் நின்று ஆரம்பித்தார். உள்ளேயிருந்து அவள் 'ம்' கொட்டினாள். முதல் நாள் நாங்கள் எல்லோரும் கூடி நின்று கேட்டோம், பழைய கதையைக் கேட்பது போல ருசியாகத்தான் இருந்தது. நாலாவது வருஷம் வந்தபோது பெயர்கள் வரத் தொடங்கின. வலிக்குதா என்று கேட்டது நான், அன்றைக்கே எடுத்திருக்கலாம், என்றார் சார். ம் என்றாள். கொடை முடியட்டும் என்றது அவள் புருஷன், அன்றைக்கே எடுத்திருக்கலாம். ம். அடுத்த வகுப்பும் பார்க்கட்டும் என்றது இன்னார், விசில் அடித்தது இன்னார் மகன். ம், ம். அவரவர் பெயர் வந்ததும் அவரவர் கூட்டத்திலிருந்து கழன்று போனோம். இரண்டாம் வாரம் தெருவில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சாத்திய ஜன்னலுக்குள்ளும் கேட்டது. பால்துரை ஆபீஸிலேயே படுத்துக்கொண்டான். ஞானசுந்தரி ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். சாரின் தொண்டை கட்டி, பிறகு கிழிந்து, மூச்சு மட்டும் வார்த்தையாக வந்தது, அப்போதும் ஒரு தேதியையும் ஒரு பெயரையும் விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும், "இன்னைக்குக் காட்டுறியாம்மா?" என்பார். "நாளைக்கு" என்பாள்.

முப்பத்தேழாவது நாள் அவர் ஆறாவது வருஷம் ஆவணிக்கு வந்தபோது உள்ளேயிருந்து 'ம்' வரவில்லை. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, ரத்தக் குழாய் வந்ததையும், வெள்ளை பெயிண்டையும், ஐப்பசி பதினாலையும், கைதட்டியவர்களின் பெயரையும், டாக்டரம்மா பேனாவை மூடியதையும், சாத்துக்குடியையும் கடைசி வரைக்கும் சொல்லி முடித்தார். அதற்கப்புறம்தான் உள்ளே போனார்.

செய்தி கேட்டதும் ஊரே வந்துவிட்டது. குளிப்பாட்ட வேண்டும் என்று ஞானசுந்தரி கத்தரியை எடுத்தாள். அவள் முகத்தைத் துடைக்கவில்லை, கண்ணை மூடிவிடவில்லை, முதலில் காக்கிச் சட்டையின் தையலைத்தான் வெட்டினாள். நாங்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தோம். திரவியம் சார் படம் வரையும் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு முன்னால் நின்றார்.

சட்டைக்குள் தோல் இருந்தது. யாருக்கும் இருப்பது போன்ற தோல், மாநிறம், வற்றிச் சுருங்கியது, தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு மச்சம். ஞானசுந்தரி விரலால் தேய்த்துப் பார்த்தாள், எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். தோல்தான்.

பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பின்னால் நின்றவர்கள் கலைந்தார்கள், பிறகு நடுவில் நின்றவர்கள் போனார்கள், பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மாலை கட்டி முடிப்பதற்குள் வீட்டில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம். தூக்குவதற்குப் பால்துரையும் திரவியம் சாரும் நானும் நின்றோம், மற்றவர்கள் பெண்கள், நாலாவது ஆள் இல்லை. பால்துரை லாரி ஆபீஸுக்குப் போய், அங்கே மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு வெளியூர்க்காரரைக் கூட்டிவந்தான். அவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கால்மாட்டில் கைவைத்துக் குனிந்தவர், பாவம், சின்ன வயசா இருக்கே, என்ன சீக்கு என்று கேட்டார்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தூக்கினோம்.